நீட்சி

உலாவி என்று பெயர்.
எழுந்து நிற்கவே நான்கு நிமிடம் இருபது நொடி.
ஜெலுத்தோங்கில், ஜாலான் பேராக்கை ஒட்டிய எங்கள் கடையில்
ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கி,
கணினியைத் தட்டிவிட்டு,
எதிர்க்கடைக்குப் போய் கோப்பி ஓ வாங்கி,
சில்லறைக்குச் சண்டை பிடித்துத் திரும்பினாலும்
திரை நடுவில் அந்த வட்டம்
தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருக்கும்.

வாகன இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற கடை.
நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள்.
சுவரோரம் இருப்பதில் மட்டும் உட்காராதீர்கள்.

திங்கள்தோறும் அங்கமுத்து வருவார்,
லாரி கம்பெனியின் கோப்புக்கட்டோடு.
வட்டம் சுற்றத் தொடங்கியதும் கதையும் தொடங்கும்.
நிபோங் திபாலிலிருந்து வாத்து ஏற்றி வந்த லாரி
பினாங்குப் பாலத்தின் நட்டநடுவில்
விடியற்காலை மூன்று மணிக்குப் படுத்துக்கொண்ட கதை.
"பின்கதவைக் கட்டியிருந்தது வெறும் ராஃபியா கயிறும்மா..."
பக்கம் திறந்துவிடும்.
மீதி அடுத்த திங்கள்.

ஏழு திங்களில்
கயிறு அவிழ்ந்தது. முதல் வாத்து இறங்கியது.
அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று.
கடல் காற்றில், வெள்ளைக் கோடு பிசகாமல்
தீவைப் பார்த்து நடக்கத் தொடங்கின.

வரிசை வாசல்வரை நிற்பதை முதலாளி ஊய் எண்ணிப் பார்த்தார்.
பூன் கியாட்டை வரவழைத்தார்.

அவன் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.
மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்தது நான்.
வரிவரியாய் மலாயில் சொன்னேன்,
அவன் சுட்டியை நகர்த்தினான்.

தாவல்கள், நாற்பத்து மூன்று.
ஒன்றும் தாவுவதாய் இல்லை.
முந்தைய நாள் விட்ட அத்தனையையும்
மறுநாள் காலை சேர்த்தெழுப்பச் சொல்லி
யாரோ குறி போட்டிருக்கிறார்கள்.
யாரோ இல்லை, நான்தான்.
தைப்பிங்கில் வாடகை வீடு,
பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய்,
போன தீபாவளியின் பஸ் டிக்கெட்,
ஒருத்தர் முன்பு குடியிருந்த தெருவின் வரைபடம்.
அதைப் பற்றிப் பூன் கியாட் கேட்கவில்லை.
நானும் மொழிபெயர்க்கவில்லை.

நீட்சிகள், பதினொன்று.
பொருத்தமாய்த்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்,
காலையைப் பிடித்து இழுத்து நீட்டுகிறவை.
கூப்பன் தேடித் தருகிறேன் என்று ஒன்று.
வானிலை சொல்கிறேன் என்று ஒன்று,
வாசலில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே.
எதற்கென்றே தெரியாத ஒரு நீலப் பூனை.
நீக்கு. நீக்கு. பூனையையும்.

தற்காலிகக் கோப்புகள்,
மூன்று வருடத் தற்காலிகம்.

பிறகு பெட்டியைத் திறந்தான்.
கரகரவென்று சுற்றிய பழைய தட்டில் இருந்ததையெல்லாம்
மதியம் முழுக்கப் புதியதில் ஊற்றினான்.
சீட்டுக்கட்டு அளவு. சத்தமே இல்லை.
நூற்று எண்பது ரிங்கிட்.
முதலாளி இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

சொடுக்கினேன். திறந்திருந்தது.
இடையில் நான் இமைத்ததைக்
கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

அந்த வாரம் யாரும் உட்காரவில்லை.
சுவரோர நாற்காலியைப் பற்றி
ஒருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
நின்றபடி நீட்டினார்கள், நின்றபடி வாங்கினார்கள்.
என் கோப்பி மட்டும் எப்படியோ
முன்பைவிட ஆறிப்போனது.

திங்கள். அங்கமுத்து.
"அப்பத்தான் போலீஸ் ஜீப் வருதும்மா, வாத்தெல்லாம்..."
பிரிண்டர் காகிதத்தைத் துப்பிவிட்டது.
காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பின்னால் நின்ற பெண் கைப்பையைத் திறந்து தயாராய் இருந்தாள்.
"சரிம்மா" என்று ரப்பர் பட்டையை மாட்டினார்.

ஒரு வாரம் முழுக்க என் தலைக்குள்
பாலத்தில் ஒரு ஜீப் விளக்கைப் போட்டபடி நிற்கிறது.
மீன் கழுவும்போது. பஸ்ஸில். தூக்கத்திலும்தான்.

அடுத்த திங்கள் நான்கு லாரிகளின் தாளோடு வந்தார்.
முதலாளி வங்கிக்குப் போயிருந்தார்.
மேசைக்கடியில் காலை நீட்டினேன்.
கட்டைவிரலில் மாட்டிய கம்பியை இழுத்தேன்,
சின்னதாய் ஒரு 'டிக்'.

"லைன் இல்லை அண்ணே.
உட்காருங்க. ஐயோ அது வேணாம், இந்த நாற்காலி.
ஜீப் வந்துச்சு.
வாத்து?"